சும்மா ஓட்ட ஒரு சைக்கிள்: எவ்வளவு செலவு செய்யலாம்?

2018இல் நான் வாங்கிய கியர் சைக்கிளின் விலை 11,500 ரூபாய். முன்பக்கம் சஸ்பென்ஷன், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், 21 கியர், மலைப்பாதைக்குப் போடுவதுபோல் முண்டு முண்டான டயர். நான் ஓட்டியதோ திருவான்மியூரிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரைக்கு, போக வர 6 கிலோமீட்டர் தார் ரோட்டில். மூன்றாவது வாரம் முன் டிஸ்க் உரச ஆரம்பித்தது. நாலாவது மாதம் பெடலை அழுத்தினால் கியர் தானாக மாறியது. அந்த வருஷம் முடிவதற்குள் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே போய்விட்டது.

எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் ஒருநாள் அதைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சார், இந்த வெலைக்கு இத்தனை சாமான் வெச்சிருக்கான். ஒவ்வொண்ணுக்கும் எவ்ளோ போட்டிருப்பான்னு நீங்களே கணக்குப் போடுங்க” என்றார்.

பட்ஜெட் என்று யார் என்னிடம் கேட்டாலும் நான் அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குவேன். குறைந்த விலையில் வாங்கும்போது சைக்கிளில் எவ்வளவு குறைவான பாகங்கள் இருக்கின்றனவோ, அவ்வளவுக்கு ஒவ்வொரு பாகமும் உருப்படியாக இருக்கும். கீழே சொல்லியிருப்பது பந்தயத்துக்கோ நூறு கிலோமீட்டர் பயணத்துக்கோ சைக்கிள் தேடுபவர்களுக்கு அல்ல. காலையில் ஒரு மணி நேரம் ஓட்ட, சாயங்காலம் கடைக்குப் போய்வர, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு ஒரு சுற்றுச் சுற்ற நினைப்பவர்களுக்கானது.

படி 1: வாரத்துக்கு எத்தனை நாள்?

விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் இதற்குப் பதில் வேண்டும், அதுவும் உண்மையான பதில். “தினமும் ஓட்டுவேன்” என்று சொல்லாதவர் இல்லை. கடைசியாகச் சைக்கிள் ஓட்டி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தால், முதலில் தம்பியிடமோ பக்கத்து வீட்டிலோ ஒரு சைக்கிளை இரண்டு வாரம் கேட்டு வாங்குங்கள். எப்படிப்பட்ட சைக்கிளானாலும் பரவாயில்லை. அந்த இரண்டு வாரத்தில் ஆறு முறையாவது ஓட்டியிருந்தால் புதிது வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. வாரம் 3 நாள் ஓட்டினால் இரண்டு வருஷத்தில் ஏறத்தாழ 300 முறை. 16,000 ரூபாய் சைக்கிள் என்றால் ஒரு முறைக்கு 53 ரூபாய். இரண்டு வருஷம் கழித்து 7,000க்கு விற்றால் அது 30 ரூபாயாக இறங்கும். அதே சைக்கிளை மாதம் ஒருமுறை மட்டும் எடுத்தால் இரண்டு வருஷத்தில் 24 முறைதான், முறைக்கு 660 ரூபாய்க்கு மேல். அப்படி ஓட்டுபவர் வாடகை சைக்கிள் எடுக்கலாம், அல்லது 4,000 ரூபாய்க்குப் பழையது ஒன்று வாங்கலாம். வாரம் இரண்டு நாளுக்குக் குறைவாக ஓட்டப்போகிறவர் 10,000த்தைத் தாண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

படி 2: எந்த ரோடு, எந்த வீடு?

சென்னை, நாகப்பட்டினம், தஞ்சாவூர் எல்லாம் தட்டையான ஊர்கள். மேம்பாலத்தை விட்டால் ஏற்றமே கிடையாது. அங்கே 21 கியரில் பதினைந்து துருப்பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் கியரே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். ஈசிஆரில் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எதிரே அடிக்கும்போது ஒரு கியர் இறக்கிக்கொள்ள முடிந்தால் முட்டிக்கு நிம்மதி. அதற்குப் பின்சக்கரத்தில் மட்டும் 7 கியர் போதும். முன்பக்கம் மூன்று பல்சக்கரம் என்றால் கூடுதலாக ஒரு டிரெயிலியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகம்), ஒரு கேபிள், ஒரு ஷிஃப்டர் (ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் பிடி). எல்லாமே செட்டிங் கலையக்கூடிய பாகங்கள்.

கோயம்புத்தூரில் மருதமலைப் பக்கம் ஓட்டுபவருக்கும், ஊட்டி, ஏற்காடு, கொடைக்கானலில் இருப்பவருக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு முன்னும் பின்னும் கியர் வேண்டும், நல்ல பிரேக்கும் வேண்டும். மலைக்காரர்கள் என் கணக்கின்மேல் ஐயாயிரம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் இறக்கத்துக்கானது.

வீட்டையும் பாருங்கள். லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி என்றால் எடை பெரிய விஷயம். சஸ்பென்ஷன் வைத்த மலிவான இரும்பு சைக்கிள் 17, 18 கிலோ வரை இருக்கும். அலாய் (அலுமினியக் கலவை) பிரேம் போட்ட ஹைபிரிட், அதாவது ரோட்டு சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவிலான வகை, 13 கிலோ அளவில் கிடைக்கும். இந்த 4, 5 கிலோ ரோட்டில் அவ்வளவாகத் தெரியாது, படிக்கட்டில் தெரியும். தூக்கச் சோம்பல்பட்டே ஓட்டுவதை விட்டவர்கள் இருக்கிறார்கள். கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் உப்புக்காற்று செயினையும் ஸ்போக்ஸையும் நட்டு போல்ட்டையும் தின்னும். அங்கே அலாய் பிரேமுக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

படி 3: மொத்தத்தை முடிவு செய்து, மற்றச் செலவை முதலில் கழியுங்கள்

பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இது. கையில் 20,000 இருக்கிறது என்றதும் 20,000 ரூபாய் சைக்கிளைத் தேடுகிறார்கள். வாங்கி வந்த பிறகு பூட்டுக்குப் பணமில்லை, ஹெல்மெட் அடுத்த மாதம், பம்ப் அதற்கடுத்த மாதம் என்று போகும். முதலில் கழிக்க வேண்டியவை:

ஹெல்மெட் 1,500
பூட்டு 700
பம்ப் (அழுத்தம் காட்டும் மீட்டரோடு) 700
முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு 700
மட்கார்டு, ஸ்டாண்ட், பெல் 700
முதல் வருஷ சர்வீஸ், டியூப், பஞ்சர் 1,200

மொத்தம் 5,500. மீதி 14,500தான் சைக்கிளுக்கு. கடைக்குக் கடை நூறு இருநூறு மாறும். ஆனாலும் மொத்தத்தில் கால்வாசி இப்படித்தான் போகும் என்று மனதில் வைத்துக்கொண்டால் கணக்குத் தவறாது.

மட்கார்டையும் ஸ்டாண்டையும் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. கியர் சைக்கிள்கள் பலவற்றில் இவை கூட வருவதில்லை. ஐப்பசி மழையில் மட்கார்டு இல்லாமல் ஒருநாள் ஓட்டிப் பாருங்கள், சட்டையின் முதுகில் நீளமாகச் சேற்றுக்கோடு விழும். பம்ப் கட்டாயம் வேண்டும். டியூபில் காற்று தானாகவே மெல்ல இறங்கும். வாரம் ஒருமுறை அடிக்காவிட்டால் நல்ல சைக்கிளும் கனக்கும். “என் சைக்கிள் ரொம்ப ஹெவியா இருக்கு” என்று சொன்ன நண்பர் ஒருவரின் டயரை விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போனது. காற்றடித்தபின் வேறு சைக்கிளை ஓட்டுவதுபோல் இருந்தது என்றார்.

படி 4: எந்த விலையில் என்ன கிடைக்கும்?

கீழே இருப்பவை தோராயமான விலைகள். பிராண்டைப் பொறுத்து மாறும்.

5,500 முதல் 8,000 வரை: கியர் இல்லாத சாதாரண சைக்கிள். ராடு பிரேக் வைத்த பழைய கறுப்புப் பெரிய சைக்கிள் இன்னும் கிடைக்கிறது. முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிளும் ஏறத்தாழ இந்த விலைதான். கேவலமாக நினைக்காதீர்கள். இந்த விலையில் நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். செயினுக்கு முழு மூடி இருக்கும், வேட்டி புடவை மாட்டாது. கேரியரில் அரிசி மூட்டை வைக்கலாம். ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, ஹீரோ, ஏவான் என எந்தப் பேரானாலும் பாகங்கள் எல்லா ஊரிலும் கிடைக்கும். ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் தயாரிக்கும் டிஐ சைக்கிள்ஸ் 1949இல் சென்னையில் தொடங்கிய கம்பெனி. தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளும் இந்த வகைதான். எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் இதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார்.

8,000 முதல் 12,000 வரை: நான் மாட்டிக்கொண்ட இடம். ஷோரூம் வாசலில் பளபளவென்று நிற்பவை பெரும்பாலும் இந்த விலைதான். சஸ்பென்ஷன், டபுள் டிஸ்க், 21 கியர் என்று ஸ்டிக்கர் இருக்கும். இந்த விலையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கியர் இல்லாத, சஸ்பென்ஷன் இல்லாத, சாதாரண வி-பிரேக் (ரிம்மை இரண்டு பக்கமும் ரப்பர் கட்டையால் பிடிப்பது) வைத்ததாகப் பாருங்கள். 10,000 ரூபாய்க்கு கியர் இல்லாத நல்ல சைக்கிள் கிடைக்கும். அதே 10,000க்குக் கிடைக்கும் 21 கியர் சைக்கிள் மாதம் ஒருமுறை உங்களை மெக்கானிக்கிடம் அனுப்பும்.

13,000 முதல் 22,000 வரை: வாரம் மூன்று நாலு நாள் ஓட்டுபவர் நிற்க வேண்டிய இடம். அலாய் பிரேம், சஸ்பென்ஷன் இல்லாத இரும்பு அல்லது அலாய் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை), ஜப்பானின் ஷிமானோ கம்பெனியின் அடிப்படை கியர், ரோட்டுக்கு ஏற்ற ஓரளவு மெல்லிய டயர். ஹைபிரிட், சிட்டி பைக் என்ற பெயர்களில் வரும். 8,000க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முதல் நூறு மீட்டரிலேயே காலுக்குத் தெரியும். 15,000க்கும் 22,000க்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு சீக்கிரம் தெரியாது. அதனால் பணம் இடித்தால் இந்த வரம்பின் கீழ்ப்பக்கமே நின்றுவிடுங்கள்.

25,000 முதல் 40,000 வரை: ஹைட்ராலிக் (கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) டிஸ்க் பிரேக், பின்னால் 8 அல்லது 9 கியர், இன்னும் ஒன்று இரண்டு கிலோ குறைவு. வாரம் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறீர்களா, மலை ஊரில் இருக்கிறீர்களா? சரி, வாங்குங்கள். இல்லையென்றால் முதலில் 15,000 ரூபாய் சைக்கிளை ஒரு வருஷம் ஓட்டுங்கள். எது குறைகிறது என்று உங்கள் உடம்பே சொல்லும், அப்போது அதற்கு மட்டும் பணம் கொடுக்கலாம்.

அதற்கு மேலே உள்ள விலைகள் இந்த வழிகாட்டிக்கு வெளியே. பேட்டரி சைக்கிளையும் பலர் கேட்கிறார்கள். 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருந்தால் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. முட்டிவலி உள்ளவருக்கும் ஆபீசுக்கு வியர்க்காமல் போக நினைப்பவருக்கும் நல்லது. விலை 25,000த்தைச் சுற்றித் தொடங்கும், சில வருஷத்தில் பேட்டரி மாற்றும் செலவும் வரும்.

படி 5: பணம் எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள்

ஒரே விலையில் இரண்டு சைக்கிள் நிற்கிறது. எதை எடுப்பது? கடைக்காரர் கியரின் எண்ணிக்கையைச் சொல்வார். நீங்கள் சக்கரத்தைப் பாருங்கள்.

ரிம்மைக் கவனியுங்கள். ஒற்றைச் சுவர் ரிம், இரட்டைச் சுவர் ரிம் என்று இரண்டு வகை. இரட்டைச் சுவர் ரிம் குழியில் விழுந்தால் எளிதில் வளையாது. எதுவென்று பார்த்தால் தெரியாது, கேட்டால் சொல்வார்கள். நம் ஊர் ரோட்டுக்கு சஸ்பென்ஷனைவிட இதுதான் முக்கியம் என்பேன். மலிவான சஸ்பென்ஷன் ஃபோர்க்கினுள் வெறும் ஸ்பிரிங்தான் இருக்கும். ஏறி அழுத்தும்போது உங்கள் காலின் சக்தியில் கொஞ்சம் அந்த ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே போகும், எடையும் கூடும். குண்டும் குழியுமான ரோட்டில் ஆட்டம் குறைய வேண்டுமென்றால் 40 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் வாங்கி, காற்றை அளவாக வையுங்கள். அதற்குத் தனியாகப் பராமரிப்புச் செலவு கிடையாது.

அடுத்தது பின் ஹப், அதாவது பின்சக்கரத்தின் நடுக்குடம். மலிவான கியர் சைக்கிளில் ஃப்ரீவீல் (பின் பல்சக்கரத் தொகுதி) ஹப் மேல் திருகி மாட்டப்பட்டிருக்கும். அதில் வலப்பக்கப் பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் ஒரு முனை பிடிமானம் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். 85, 90 கிலோ எடையுள்ளவர் குழியில் இறக்கினால் அந்த அச்சு வளையும். பல்சக்கரங்களைச் செருகி மாட்டும் கேசட் வகை ஹப்பில் பேரிங் ஓரம் வரை போவதால் இந்தத் தொல்லை குறைவு. கனமான ஆள் என்றால் கேசட்டுக்காக இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுங்கள்.

பிரேக்கில் டிஸ்க் என்ற பெயருக்கு மயங்க வேண்டாம். தட்டையான ஊரில் வி-பிரேக் நன்றாகவே பிடிக்கும். மழையில் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கும், அவ்வளவுதான். தேய்ந்தால் இரண்டு கட்டை மாற்ற 150 ரூபாய் ஆகும், எந்தத் தெருவிலும் மாற்றலாம். மட்டமான டிஸ்க்கில் தட்டு லேசாக வளைந்தாலே சர் சர் என்று உரசும், அதைச் சரிசெய்யத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டும்.

படி 6: உடம்புக்குப் பொருந்தாவிட்டால் எந்த விலையும் நஷ்டம்

சைக்கிளின் நடுப்பாருக்கு மேல் இரண்டு பாதமும் தரையில் பதிய நில்லுங்கள். பாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். ஹைபிரிட் வகையில் ஐந்தேகால் அடிக்குக் குறைவானவர்களுக்கு 15, 16 அங்குல பிரேம், ஐந்தே முக்கால் அடி வரை 17, 18 அங்குலம், அதற்கு மேல் 19, 20 என்பது தோராயமான அளவு. இந்த அளவு பிரேமுக்கானது, சக்கரத்தின் 26, 27.5, 29 என்பது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சீட்டின் உயரம்: பெடல் கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதிக்கையில் முட்டி லேசாக மடங்கியிருக்கும். சிக்னலில் இரண்டு காலும் முழுசாகத் தரையில் பதிய வேண்டுமென்று சீட்டை இறக்கி வைத்து ஓட்டியே முட்டிவலி வரவழைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

படி 7: பழையது வாங்கலாமா?

தாராளமாக. ஆசையாக வாங்கி நாலு மாதத்தில் விட்டுவிட்டவர்களால்தான் பழைய சைக்கிள் சந்தையே ஓடுகிறது. இரண்டு வருஷம் ஆன, அதிகம் ஓடாத 18,000 ரூபாய் சைக்கிள் 8,000, 9,000க்குக் கிடைக்கும். இப்போது நான் வைத்திருப்பதும் அப்படி 8,500க்கு வாங்கிய ஹைபிரிட்தான். வாங்கும் அன்று தெருமுனைக் கடை அண்ணனையும் கூட்டிப்போனேன். அவர் பார்த்த விதத்தை அப்படியே சொல்கிறேன், நீங்களும் செய்யலாம்.

முதலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டார். பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்குப் பக்கத்தில் கட்டைவிரலை ரிம் மேல் படாமல் வைத்தார். ரிம் ஓடும்போது விரலுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி மாறாமல் இருந்தால் வீலில் பெண்டு இல்லை. ஓரிடத்தில் மட்டும் விரலைத் தொட்டுத் தொட்டுப் போனது. “இந்தப் பெண்டை எடுத்துரலாம் சார், ஸ்போக்ஸ் லூசு” என்றார். அடுத்து ஸ்போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்தினார். தொளதொளவென்று மூன்று கம்பிகள். பிறகு நிமிர்த்தி வைத்து, பெடல் மாட்டியிருக்கும் கிராங்கைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். ஆட்டம் இருந்தால் பிபி (கிராங்க் சுழலும் அச்சும் பேரிங்கும்) மாற்ற வேண்டும், 600 ரூபாய் ஆகும். ஆட்டம் இல்லை. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் தள்ளி, ஹெட்செட்டில் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்துப் பேரிங்) டக் டக் என்ற சத்தம் வருகிறதா என்று கேட்டார். கடைசியில் பிரேமின் வெல்டிங் இருக்கும் இடங்களை எல்லாம் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார்த்தார். முடிபோல ஒரு கோடு தெரிந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு என்பது அவர் கணக்கு, பிரேமில் விரிசல் விட்டால் பேரமே கிடையாது.

விற்றவர் 10,000 கேட்டார். வீல் பெண்டு, பழைய டயர் இரண்டையும் காட்டி 8,500க்கு முடித்தோம். பழையது வாங்கும்போது அசல் பில்லைக் கேளுங்கள். இல்லையென்றால் குறைந்தபட்சம் பிரேம் நம்பரைக் குறிப்பிட்டு விற்றவர் கையெழுத்துடன் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டு சைக்கிள் கைமாறுவது நடக்கிற விஷயம்தான்.

படி 8: கடையில்

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய சரக்கின் அட்டையில் பழைய விலை இருந்தால் பில்லில் வரி எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

சென்னையில் ரத்தன் பஜார் பக்கம் சைக்கிள் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பேரம் பேச வசதி. ஆனால் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் 500 ரூபாய் கூட என்றாலும் நான் அங்கேதான் வாங்குவேன். புது சைக்கிளின் கேபிள்கள் முதல் சில வாரத்தில் தளரும், கியரும் பிரேக்கும் செட்டிங் மாறும். முதல் மாத சர்வீஸ் அதற்காகத்தான். பக்கத்துக் கடை என்றால் தள்ளிக்கொண்டு போய்விடலாம். ஆன்லைனில் வாங்கினால் பாதி பூட்டிய நிலையில் அட்டைப்பெட்டியில் வரும். மெக்கானிக்குக் கொடுக்கும் 400, 500 ரூபாயையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பெடலைப் பூட்டும்போது இடது பெடல் திருகு எதிர்த்திசையில் திரும்பும். தெரியாமல் முறுக்கினால் கிராங்கின் மரை போய்விடும்.

வாங்கும் முன் குறைந்தது பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கியராக மாற்றிப் பாருங்கள், ஒருமுறை கையை லேசாக விட்டு ஒரு பக்கமாக இழுக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டிப்பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

படி 9: வாங்கிய பிறகு

வாரம் ஒருமுறை காற்று, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செயினைத் துணியால் துடைத்து எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மண் ஒட்டி அரைக்கும். செயினுக்கென்றே விற்கும் எண்ணெய் (லூப்) 200 ரூபாய்க்குக் கிடைக்கும், ஒரு வருஷம் வரும். வருஷத்துக்கு ஒரு முழு ஓவராயிலிங், 600 முதல் 1,000 வரை.

என் 8,500 ரூபாய் ஹைபிரிட்டை வாங்கி நாலு வருஷம் ஆகிறது. இதுவரை மாற்றியது இரண்டு டயர், ஒரு செயின், மூன்று ஜோடி பிரேக் கட்டை. பஞ்சரோடு சேர்த்து ஏறத்தாழ 4,200 ரூபாய். முதல் சைக்கிளுக்கு அதன் ஒரே வருஷத்தில் நான் செலவழித்தது 3,000.